சாக்கு மேடம் வேலையை விட்ட கதை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல். எந்த ர, எந்த ற என்பதில் எனக்கு இன்றும் தகராறு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கடைசியில் ஹெப்பகோடியில் ஒரு பள்ளிக்கூடத்திலேயே மணி அடிக்க வந்து சேர்ந்தேன். பத்திரிகைக்காரர்கள் திருத்திப் போட்டுக்கொள்ளவும்.

வேலையை விடுவதில் எங்கள் சாக்கு மேடத்தை மிஞ்ச பெங்களூரிலேயே ஆள் கிடையாது. அவருக்கு முன்னால் இருந்த பிரின்சிபால்களைப் பற்றி ஆயாம்மா கதை கதையாகச் சொல்லுவார். ஒருவர் டீ குடிக்கப் போனவர், திரும்பவே இல்லையாம். இன்னொருவர் ஃபேனைக்கூட நிறுத்தாமல் போனாராம். ஆனால் அவர்களெல்லாம் ஒரு தடவைதான் விட்டார்கள். மேடம் வாரத்துக்கு இரண்டு தடவை விடுவார்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரின்சிபால் அறை மாடிப்படிக்குக் கீழே. நிமிர்ந்தால் தலை இடிக்கும். தண்ணீர் லாரி வரவில்லையா, பஸ் டிரைவர் லீவா, எல்.கே.ஜி. குழந்தை வாந்தி எடுத்ததா, எல்லாம் பிரின்சிபால் தலையில்தான். போதாததற்கு ஓனர் ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்வார்.

மேடம் பெங்களூர் ஆடுகோடிக்காரர். வாய் நிறையத் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் கன்னடம். நான் அப்போது குடியாத்தத்திலிருந்து வந்த புதிது. ஒரு நாள் ஓனரிடம் பேசி முடித்துப் போனை வைத்தவர், "சாக்கு! சாக்கு!" என்று கத்தினார். நான் பக்கத்து மளிகைக் கடைக்கு ஓடி, காலி அரிசிச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"என்னண்ணா இது?"

"நீங்கதானே மேடம் சாக்கு கேட்டீங்க?"

அவர் சிரித்த சிரிப்பில் தலை மாடிப்படியில் இடித்தது. "ஐயோ அண்ணா! கன்னடத்துல அதுக்கு 'போதும்'னு அர்த்தம். இந்த வேலையே போதும்டா சாமின்னு கத்தினேன்!" தலையைத் தடவிக்கொண்டே சாக்கைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும். போறப்ப சாமான் கட்ட ஆகும்."

அதிலிருந்து கோபம் வந்தால், "கொண்டாங்கண்ணா சாக்கை!" என்பார். டம்ளர், குஷன், மாத்திரை டப்பா எல்லாம் உள்ளே போகும். வாயைக் கட்டும் நேரத்தில் ஏதாவது வந்துவிடும். ஒரு முறை சாக்கோடு கேட் வரைக்கும் போய்விட்டார். அங்கே ஒரு அம்மா மறித்துக்கொண்டு, "மிஸ், எம்புள்ள டிபன் பாக்ஸ்ல ஸ்பூனைக் காணோம்" என்றாள். மேடம் சாக்கை அவிழ்த்துத் தன் ஸ்பூனை எடுத்துக் கொடுத்தார்.

"ஸ்பூன்கூட இல்லாம நான் எப்படிண்ணா வேற வேலைக்குப் போறது?" என்று என்னைக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பிவிட்டார்.

உண்மையில் அவரைப் பிடித்து வைத்திருந்தது கடைசி பீரியட்தான். ஏழாம் வகுப்புக் கணக்கு. ஓனரிடம் சண்டை போட்டு வாங்கியது. அந்த நேரத்தில் போன் என்னிடம் இருக்கும். "யார் கேட்டாலும் மேடம் செத்துட்டாங்கன்னு சொல்லிடுங்கண்ணா."

நான் கூச்ச சுபாவம். சொந்தமாகப் பேச வராது, சொல்லிக்கொடுத்ததைச் சொல்வேன். ஓனர் போன் செய்தபோது அப்படியே சொன்னேன். மனிதர் ஆட்டோ பிடித்துப் பதறிக்கொண்டு வந்தார். மேடம் கரும்பலகையில் பின்னத்தை வகுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இருபது நிமிஷம் செத்துதான் இருப்பேன் சார். அப்புறமா வாங்க."

இந்த ஜூனில் வந்த டைம்டேபிளில் அந்த பீரியட் இல்லை. "கணக்குக்கு வேற மிஸ் வர்றாங்க. அந்த நேரத்துல நீங்க வீடு வீடா போன் போட்டு அட்மிஷன் பிடிங்க மேடம்" என்றார் ஓனர்.

நான் சாக்கோடு தயாராக வாசலில் நின்றேன். மேடம் கத்தவில்லை. கன்னடம் வரவில்லை. "நான் வர்றேன் சார்" என்றார், மெதுவாக, தமிழில்.

டம்ளரையும் குஷனையும் நானே அள்ளிப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன்.

"அதெல்லாம் வர்றவங்களுக்கு இருக்கட்டும். சாக்கை மட்டும் குடுங்கண்ணா."

"காலிச் சாக்கு எதுக்கு மேடம்?"

"புது ஸ்கூல்ல நான் கத்தினா, யாருண்ணா கொண்டாந்து குடுப்பாங்க?"

டம்ளரையும் குஷனையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, சாக்கை உதறி, மடித்துக் கொடுத்தேன்.

இப்போது ஆனேக்கல் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறாராம். அங்கே அந்தச் சாக்கு ஒரு மூலையில் வேலையே இல்லாமல் கிடந்து, எலி கடித்து ஓட்டையாகிப் போக வேண்டும். அதுதான் என் வேண்டுதல்.

எழுதி முடித்தது, ஆயுத பூஜைக்கு மறுநாள்.