இளஞ்செழியனின் இரண்டாவது கம்ப்யூட்டர்

இந்த வருஷம் கோவா போயே தீருவது, அதுவும் மனைவிக்குத் தெரியாமல் போயே தீருவது என்று இளஞ்செழியன் முடிவு செய்தார். கூட வருவது ஆபீஸ் சிநேகிதர் அப்பாதுரை. வீட்டில் சொன்னது, கோயம்புத்தூரில் மூன்று நாள் ட்ரெய்னிங்.

ஒரே தொல்லை, வீட்டுக் கம்ப்யூட்டர். ரயில் டிக்கெட், ஓட்டல் புக்கிங், வாங்கப்போகும் பூப்போட்ட சட்டையின் படம், எல்லாம் அதில்தான், 'கோவை ட்ரெய்னிங்' என்று பேர் வைத்த ஃபோல்டரில். மனைவி ஆதிலட்சுமி சமையல் வீடியோ பார்ப்பதும் அதில்தான். பாஸ்வேர்டு போடலாம். போட்டால் ஏன் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைத்த கணவன் திருவண்ணாமலையில் இல்லை.

யூடியூபில் வழி கிடைத்தது. வர்ச்சுவல் மெஷின். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கலாமாம்! அவள் அடி அண்ணாமலை கிராமத்தில் தங்கை வீட்டுக்குப் போன நேரம் பார்த்து வேலையை ஆரம்பித்தார். மெமரியில் பாதியைப் பிரித்துக் கொடுத்தார். அதில் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினார். மொழிக்குத் தமிழ், திரைக்கு மலைமேல் தீபம். அதை முழுத்திரை ஆக்கியதும், இதுதான் கம்ப்யூட்டர் என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். உள்ளே இருப்பது அவளுக்கு, வெளியே இருப்பது அவருக்கு.

"புதுசா இருக்குதே?"

"உனக்காகத்தான் ஆதி. எல்லாத்தையும் மாத்திட்டேன்."

அவள் உருகிப் போனாள். அப்படித்தான் இளஞ்செழியன் நினைத்துக்கொண்டார்.

பயணத்துக்குச் சில நாள் இருக்கையில், பௌர்ணமியன்று மாலை, வேங்கிக்கால் ஆபீசில் இருந்தவருக்கு போன் வந்தது.

"ஏங்க, ஏதோ பட்டனை அமுக்கிட்டேன். தீபத்தைக் காணோம். வேற கம்ப்யூட்டர் மாதிரி வருது."

"கையை எடு! எதையும் தொடாதே!"

"தொடலைங்க. 'கோவை ட்ரெய்னிங்'னு ஒரு ஃபோல்டர் இருக்குது. திறக்கட்டுமா?"

"வேணாம்! அதுல வைரஸ் ஜாஸ்தி!"

"பேரைப் பாத்தே சொல்றீங்களே!"

"இரு, நான் வர்றேன்!"

வண்டியை எடுத்தார். கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதி வழியில் தடுப்பு. "வண்டி போகாது சார், நடந்து போங்க" என்றார் போலீஸ்காரர். இளஞ்செழியன் நடக்கவில்லை, ஓடினார். கூட்டத்தில் ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஓடியே சுத்தறதா வேண்டுதலா சாமி?"

"ஆமாம்மா, வீட்டுக்காரிக்காக!"

மறுபடி போன். "ஏங்க, திறக்கட்டுமா வேணாமானு பெட்டி வந்து கேக்குது."

"வேணாம்னு அமுக்கு!"

"எது வேணாம்? ரெண்டுமே இங்கிலீஷ்ல இருக்குதே."

லைன் கட்டானது. இளஞ்செழியன் இன்னும் வேகமாக ஓடினார்.

மூச்சிரைக்க வீட்டுக்குள் பாய்ந்தார். திரையில் தீபம் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. ஆதிலட்சுமி அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தாள். தன் திரைக்குத் தாவிப் பார்த்தார். ஃபோல்டர் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. திறக்கவில்லை. அப்பாடா என்று நாற்காலியில் சரிந்தார்.

"பயந்துட்டீங்களா?" காபியோடு வந்தாள்.

"எனக்கென்ன பயம்?"

"எவ்ளோ வேகமா வர்றீங்கனு பாக்கணும்னு தோணுச்சு." குனிந்து ஒரு பட்டனை அமுக்கினாள். இளஞ்செழியனின் திரை, ஃபோல்டரும் மற்றதுமாக, சுருங்கிச் சின்னப் பெட்டியானது. அதைச் சுற்றி அவர் இதுவரை பார்த்தேயிராத இன்னொரு திரை.

"எனக்கு உள்ள ஒண்ணு போட்டுக் குடுத்தீங்க இல்ல? உங்களோடதை மொத்தமா தூக்கி நான் ஒண்ணுக்குள்ள வெச்சுட்டேன். இப்ப வெளிய இருக்கறது என்னோடது."

"உனக்கு... எப்படி?"

"நீங்க பாத்த வீடியோவைத்தான் பாத்தேன். அதுக்கு அடுத்த வீடியோ இன்னும் நல்லா இருந்துச்சு."

"அப்ப கோவா...?"

"ரயில்வேல டிக்கெட்டைச் சம்சாரம் பேருக்கு மாத்தித் தர்றாங்கங்க. மாத்திட்டேன். அப்பாதுரை வீட்டம்மாவும் மாத்திட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் கோயம்புத்தூர் போய் ட்ரெய்னிங்கை ஒழுங்கா முடிச்சுட்டு வாங்க."