ஆயிரம் வோல்ற் கையுறை

ஏர்னெஸ்ட், ஆயிரம் வோல்ற் தாங்கும் சிவப்பு றப்பர் கையுறையின் வாயை இறுக்கிச் சுருட்டி, உள்ளே அகப்பட்ட காற்றோடு காதருகே பிடித்தார். ஐந்து விரல்களும் கொழுத்த கத்தரிக்காய்களாக எழும்பி நின்றன. பிறகு பெருவிரலடியிலிருந்து, கோள் சொல்கிறவன் குரலில், "ஸ்ஸ்ஸ்" என்றது.

"இஞ்சேரும், வந்து ஒருக்கா உதைக் கேளும்."

மனைவி பியாட்றிஸ் காதைக் கொடுத்தார். "காத்துப் போகுது."

"போகேல்லை. வடிவாய்க் கேளும்."

"வடிவாய்க் கேட்டா வடிவாய்ப் போகுது."

மணி ஒன்பது. பதினொன்றுக்குக் கொழும்புக் கொம்பனியின் பரிசோதகர் கனிசியஸ் வருகிறார். மின்சாரக் கார் திருத்துகிற இடங்களில் வேலையாட்களைக் காக்கிற சாமான்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். முகக் கண்ணாடி, றப்பர் விரிப்பு எல்லாம் பளபளத்தாலும் கையுறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் சரி, தோல்விதான். தோற்றால் ஒரு வருடத்துக்குக் கொம்பனிக் கார் ஒன்றையும் ஏர்னெஸ்ட் தொடமுடியாது. 'அங்கீகாரம் பெற்ற மின்சாரக் கார் திருத்துமிடம்' என்ற பலகையோ போன கிழமையே உடுவில் றோட்டைப் பார்த்தபடி ஏறிவிட்டது.

"ஒரு நாளாவது போட்டதோ? பைக்குள்ளை வைச்ச சாமான் எப்பிடி ஓட்டையாகும்?" என்று ஏர்னெஸ்ட் அங்கலாய்த்தார்.

அது உண்மைதான். ஐந்து மாதத்துக்கு முன் வாங்கிய அன்றே அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகியவர் அவர். விலையான சாமானைப் பாவித்துப் பழுதாக்குகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. மகளின் கலியாணத்துக்கு வாங்கிய செற்றியில் பொலித்தீன் இன்னும் கழற்றப்படவில்லை; மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

பின்கொட்டிலில் கார்களுக்குக் கீழே நின்று வேலை செய்கிறவள் மதுஷா. கையுறை வாங்க முதலே கொழும்புக்குப் போய், கொம்பனி நடத்திய மூன்று நாள் வகுப்பில் இருந்து படித்துவந்தவள். றப்பருக்கு மேலே போடுகிற தடித்த தோலுறையோடுதான் எப்போதும் ஏர்னெஸ்டின் கண்ணில் படுவாள். 'தோலே காணும், றப்பர் எதுக்கு' என்று அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

"மதுஷாவைக் கேட்டுப் பாருங்கோவன்," என்றார் பியாட்றிஸ்.

"நல்ல கதை! ஓட்டை எண்டு தெரிஞ்சா அவள் வேலையை விட்டிட்டு வீட்டை போவாள். நீர் வாயைத் திறவாதையும்."

வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வைத்தியம் ஒன்று அவருக்குத் தெரியும். சைக்கிள் ரியூபுக்கு ஒட்டுப் போடுகிற சாமான்களை எடுத்துவந்தார். அரத்தால் உரஞ்சினார், சொலூசன் பூசினார், கறுப்புத் துண்டை வைத்து அமத்தினார். கடுகளவாக இருந்த ஓட்டை, உரஞ்சின உரஞ்சலில் பயறளவாகி, ஒட்டின் விளிம்பால் எட்டிப் பார்த்தது.

"வேதக்காரற்றை கிளவுஸுக்குப் பொட்டு வைச்சாச்சு," என்றார் பியாட்றிஸ்.

பத்து மணிக்கு ஏர்னெஸ்ட் மானத்தை மடித்து வைத்துவிட்டு, இணுவிலில் போட்டிக் கராஜ் வைத்திருக்கும் பரமலிங்கத்துக்குப் போன் எடுத்தார்.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு உம்மடை கிளவுஸ் வேணும், பரமலிங்கம்."

"தரலாம் அண்ணை. என்ரை இடம் நேற்றுத்தான் பார்த்து முடிஞ்சுது, இனி ஆரும் தேடாயினம். ஆனா எனக்கும் ஒரு சாமான் தேவையாய்க் கிடக்கு."

"என்ன?"

"பற்றறி இறக்கிற உங்கடை மேசை. ரெண்டு மாசத்துக்கு."

"ரெண்டு மணித்தியாலத்துக்கு ரெண்டு மாசமோ? உங்கடை ஊர் மணிக்கூடு என்ன மாதிரி ஓடுது?"

"இப்ப பத்து அஞ்சு. பத்தேகாலுக்குக் கேட்டா மூண்டு மாசம்."

"ஒரு மாசம்."

"கந்தன்மேலை சத்தியமாய் ரெண்டு. பத்து ஏழு ஆகுது அண்ணை."

இரண்டு மாதத்துக்குத் தீர்ந்தது. பரமலிங்கத்தின் சின்ன லொறி கையுறையை இறக்கிவிட்டு மேசையை ஏற்றிக்கொண்டு போனது. புழுதி அடங்கமுதல் கனிசியஸ் வந்து இறங்கினார்.

அவர் கையுறையைச் சுருட்டினார், காதில் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. ஏர்னெஸ்டுக்கு உயிர் வந்தது. கனிசியஸ் விளிம்பைப் புரட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்குப் பேனையாலை 'பரம' எண்டு எழுதியிருக்கு?"

மிச்ச எழுத்து அழிந்திருந்தது கர்த்தரின் கிருபை. "பரமபிதா காப்பார் எண்டு எழுதினது, சேர். நாங்கள் மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்ச ஆக்கள்."

"ஆமென்," என்றார் பியாட்றிஸ்.

"நல்ல விசுவாசம்." கனிசியஸ் கொப்பியில் ஒரு தாள் பின்னுக்குத் தட்டினார். "இதே பரமபிதா நேற்று இணுவிலிலையும் இருந்தவர். இலக்கமும் இதே இலக்கம். எங்கை உங்கடை சோடி?"

ஏர்னெஸ்ட் ஒட்டுப் போட்டதைக் கொண்டுவந்து நீட்டினார். கனிசியஸ் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"உது கிளவுஸோ, சைக்கிள் ரியூபோ?"

"புதுச் சாமான் சேர், வாங்கி ஐஞ்சு மாசம். ஒருநாளும் போட்டதில்லை."

"போட்டதில்லையோ? அப்ப ஐஞ்சு மாசமாய் உங்கடை ஆள் என்னத்தைப் போட்டுக்கொண்டு வேலை செய்தது? நானூறு வோல்ற் ஓடுற பற்றறி. கையிலை ஏறினா சவப்பெட்டிதான்."

ஏர்னெஸ்டுக்கு அப்போதுதான் அந்தக் கேள்வி உறைத்தது. மதுஷாவின் தாய் ஞாயிறு தோறும் கோயிலில் அவருக்கு முன் வாங்கில் இருக்கிறவர். கனிசியஸ் பேனை மூடியைக் கழற்றினார்.

"ஐயா!" பின்கொட்டிலிலிருந்து மதுஷா எரிச்சலோடு வந்தாள். "பற்றறியைக் கழட்டப் போறன், இறக்கிற மேசையைக் காணேல்லை. ஆர் கொண்டுபோனது?"

அவள் கனிசியஸைப் பார்த்தாள். அவர் விரலில் தொங்கியதைப் பார்த்தாள். வணக்கம் சொல்வதற்காகத் தோலுறைகளை இழுத்துக் கழற்றினாள். அடியில், ஒரு கீறலும் இல்லாத சிவப்பு றப்பர் கையுறை. விளிம்பில் பரிசோதித்த திகதி தெளிவாக இருந்தது.

"உது வகுப்பிலை ஓட்டை தேடிப் பழகச் சொல்லி நீங்கள் தந்த சோடியெல்லோ, சேர்? அலுமாரிக்கென்ன கரண்ட் அடிக்கவோ போகுது எண்டு, ஐயா பூட்ட முதலே மாத்தி வைச்சிட்டன்."