அக்கரை அணியின் ஏழாம் இலக்கச் சட்டை

பயந்தவர்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணித்து வைப்பார்கள். கணித்தது ஒருநாளும் நடக்காது, கணிக்காதது நடந்துவிடும். நான் அந்த வகை. (கரையில் நிற்கும்போதே லோஞ்ச் படகு கவிழ்ந்து, நீந்தி, களைத்துப் போகிறவள் என்பார் என் கணவர்.)

அப்போது எனக்குப் பதினேழு வயது. குடாவுக்கு அக்கரையில், கட்டைபறிச்சானில் இருந்து இடம்பெயர்ந்து திருகோணமலை டவுனுக்கு வந்ததோடு என் படிப்பு எட்டாம் வகுப்பில் நின்றுபோனது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா அக்காவின் தையல் கடையில் வேலை. பகலெல்லாம் மெஷின் சத்தம். அது நின்றால் கடற்படைப் படகின் சத்தம். என் சத்தத்தை யாரும் கேட்டதில்லை, பேச ஆள் இருந்தால்தானே.

இருந்த ஒரே சிநேகிதி, ஊரில் என்னோடு படித்த சுகந்தி. அக்கரைப் பள்ளிக்கூடத்தின் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் ஏழாம் இலக்கம். ஒருமுறை முள்ளுக்கம்பியில் கிழிந்த சட்டையைத் தூக்கிக்கொண்டு லோஞ்சில் வந்தாள். பச்சைச் சட்டை. ஆமி உடுப்பின் நிறம் என்று பச்சை நூல் ஊருக்குள் வராத காலம். நீல நூலால் இழையோடிக் கொடுத்தேன். "முதுகில கடல் ஓடுதடி" என்று சிரித்துவிட்டுப் போனாள். அடுத்த சண்டையில் அவர்கள் குடும்பம் படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு கடைக்கு யார் வந்தாலும் நான் நிமிர்ந்து பார்ப்பேன். சட்டை தைக்கத்தான் வந்திருப்பார்கள்.

பிறகு சண்டை கொஞ்சம் ஓய்ந்தது. போன சனங்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடப் போட்டிகளும் திரும்பி வந்தன. டவுன் மகளிர் கல்லூரிக்கும் அக்கரைக்கும் சட்டை எங்கள் கடையில்தான். அங்கேதான் எந்த அணியில் யார் ஆடுவார்கள் என்று சொல்வதில் நான் பெரிய நிபுணரானேன். என் முறை மிகவும் எளிது. புதுச் சட்டை தைக்கச் சொன்னால் புதுப் பிள்ளை. எந்தப் பக்கம் உதைப்பது என்றே தெரியாது. பழைய சட்டையைப் பிரித்துவிடச் சொன்னால், பழைய பிள்ளை வளர்ந்து திரும்பி வந்திருக்கிறாள். அவளுக்குப் பயப்பட வேண்டும். முதல் தடவை சொன்னது தற்செயலாகச் சரிவந்து தொலைத்தது. அதிலிருந்து டவுன் அணியின் புஸ்பம் ரீச்சர் என்னிடம் கேட்காமல் அணியை இறக்குவதில்லை.

அந்தத் தடவை அக்கரையில் இருந்து வந்த மூட்டையை அவிழ்த்தேன். எல்லாம் பழைய சட்டைகள். ஒன்றுகூடப் புதிது இல்லை. அடியில் ஏழாம் இலக்கம். முதுகில் நீல நூல்.

"அக்கா! சுகந்தி வந்திட்டாள்!"

ஸ்டெல்லா அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "எல்லாத்தையும் பிடிச்சுத் தைக்கட்டாம் எண்டெல்லோ சொல்லி விட்டிருக்கினம், பிள்ளை. பெருப்பிக்கச் சொல்லேல்லை."

"இந்திய முகாம் சாப்பாடு அக்கா. மெலிஞ்சு போயிருப்பினம்."

"நீளத்திலயும் நாலு விரல் வெட்டச் சொல்லியிருக்கு. மெலியிறது சரி. கட்டையாகிறதும் உண்டோ?"

எனக்குக் காது கேட்கவில்லை. நான் மனதுக்குள் சுகந்தியோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

புஸ்பம் ரீச்சர் வந்ததும், "ரீச்சர், அக்கரையில ஒருத்தி மிச்சமில்லாமல் பழைய ஆக்கள் திரும்பிட்டினம். உங்களால ஏலாது" என்றேன். அவர் முகம் வெளிறியது. போட்டியன்று தன் பிள்ளைகளில் கோல் காக்கிறவளையும் முன்னால் ஓடுகிற ஒருத்தியையும் தவிர எல்லோரையும் பின்னுக்கு நிற்க வைத்தார்.

நான் அரை நாள் லீவு எடுத்து, எள்ளுப்பாகு உருண்டை பிடித்து, பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். லோஞ்ச் பிந்தியதால் அக்கரை அணி வந்த கையோடு இறங்கிவிட்டது. சனத்துக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது முதுகுகள் மட்டுமே. ஏழாம் இலக்கம் எங்கள் பக்கமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சம் கட்டையாகத்தான் தெரிந்தது. (தூரத்தில் எல்லோரும் கட்டைதானே?)

அதற்குமேல் என்னால் ஏலவில்லை. ஓடினேன்.

சனத்தைப் பிளந்து, கோட்டைத் தாண்டி, "எடியே சுகந்தி!" என்று பின்னால் இருந்து கட்டிப்பிடித்தேன். என் கைக்குள் இருந்தது பத்துப் பதினொரு வயதுப் பிள்ளை. அது, "ஐயோ அம்மா!" என்று குழறியது.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஒருத்தர் ஓடி, இன்னொருத்தர் குழறினால், மற்றவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள். மைதானம் முழுக்கத் தரையில் விழுந்து படுத்தது. மத்தியஸ்தர் படுத்தார். பிரதம விருந்தினர் மாலையோடு கதிரைக்குக் கீழே போனார். கோலுக்கு முன்னால் குவிந்து நின்ற டவுன் அணி, நெல்லுக் காயப்போட்ட மாதிரி வரிசையாகப் படுத்தது.

அக்கரை அணியில் ஒருத்தி மட்டும் படுக்கவில்லை. இந்தியாவில் முகாமில் பிறந்து வளர்ந்து, அப்போதுதான் ஊருக்கு வந்த பிள்ளை. படுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் பழக்கவில்லை. எல்லோரையும் அதிசயமாகப் பார்த்தாள். பிறகு பந்தைத் தட்டிக்கொண்டு, படுத்திருந்தவர்களை மிதிக்காமல் கவனமாகக் கடந்து, கோலுக்குள் போட்டாள். மத்தியஸ்தர் படுத்தபடியே விசில் ஊதினார். அக்கரை அணியில் உண்மையாக இந்தியாவில் இருந்து வந்தவள் அவள் ஒருத்திதான்.

ஒன்றுக்குப் பூச்சியம். டவுன் தோற்றது.

புஸ்பம் ரீச்சர் சேலையில் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். "பழைய ஆக்கள் எண்டாய்? இது பாலர் வகுப்படி!"

நான் ஏழாம் இலக்கத்தின் முன்னால் குந்தியிருந்தேன்.

"சுகந்தி அக்கா எங்க?"

"அவ இந்தியாவுக்குப் போயிட்டா. சட்டையைக் கழட்டி ரீச்சரிட்டக் குடுத்திட்டுத்தான் போனவவாம். எல்லாரும் அப்பிடித்தான். பள்ளிக்கூடத்து அலுமாரியில கிடந்தது."

சட்டை பள்ளிக்கூடத்தின் சொத்து, போகும்போது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு யார் சொன்னார்கள்?

"திரும்பி வருவாவோ?"

"தெரியாது அக்கா." பிள்ளையின் கண் என் பையில் நின்றது. "அது எனக்கோ?"

கொடுத்தேன். அவள் தின்று முடியும்வரை பக்கத்தில் இருந்தேன். லோஞ்ச் புறப்படும்போது கையைக் காட்டினாள். நானும் காட்டினேன். முதுகைத் திருப்பினாள். நீல நூல் தூரத்தில் தெரியாமல் போகும்வரை நின்றுவிட்டுக் கடைக்குப் போனேன். பொத்தான்கள் காத்திருந்தன.

இந்தக் கதையை என் கணவருக்குச் சொன்னது பெரிய பிழை. இன்றைக்கும் கேற் தட்டுகிற சத்தத்துக்கு நான் கதிரையை விட்டு அவசரமாக எழும்பினால், "ஓடுறாள், எல்லாரும் படுங்கோ!" என்பார். பிள்ளைகள் இரண்டும் தடாரென்று நிலத்தில் விழுவார்கள். நான் போய்க் கதவைத் திறப்பேன். மீன்காரராக இருக்கும், இல்லாவிட்டால் கரண்ட் பில்.

திரும்பி வரும்போது சின்னவன் குப்புறக் கிடந்தபடியே ஒரு கண்ணைத் திறந்து கேட்பான்: "வந்திட்டாவோ அம்மா?"

"இன்னும் இல்லையடா," என்பேன். "எழும்பு, சட்டை ஊத்தை."