மாமா சொல்லி அடித்த சாயம்

அந்தக் கறை உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அதன் முன்னால் மாப்பிள்ளை முட்டி போட்டு முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. சோப்புப் போட்டார், சுடுதண்ணீர் ஊற்றினார், கம்பி நாரால் தேய்த்தார். கறை இருந்த இடத்திலேயே சௌகரியமாக இருந்தது. முட்டிதான் சிவந்துபோனது.

வீட்டின் பின்கதவைத் திறந்தால் கால் வைக்கிற மரத்தளம் அது. வெயிலிலும் மழையிலும் கிடந்து பலகைகள் நரைத்துவிட்டன. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்கு அறுபதாவது பிறந்தநாள். குடும்பம் மொத்தமும் இந்தத் தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் சாப்பிடப் போகிறது. இன்றைக்குப் புதன்.

"பெயிண்டரைக் கூப்பிட்டா ஒரே மூச்சுல முடிச்சிட்டுப் போயிடுவாரு," என்று மனைவி போன வாரமே சொன்னாள்.

"ஏன், உங்கப்பா மட்டும்தான் தன் கையால அடிப்பாரா? எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்குங்க. அது ஃபைலைத் தவிர வேற எதையும் தொட்டதில்லையே, அதான் யோசிக்கிறேன்."

இந்த மாமனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் பின்பக்கத்திலும் ஒரு மரத்தளம் உண்டு. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி மினுக்கும். யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார். "எல்லாம் நம்ம கைவேலை" என்பார். சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளையின் தோளில் கை போடுவார். "நம்ம மாப்ளைக்கு இதெல்லாம் வராது. பாவம், ஆபீஸ் ஆளு."

அந்தப் 'பாவம்' இருக்கிறதே, ஒன்பது வருஷமாக மாப்பிள்ளைக்கு நெஞ்சில் முள். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் மாமனார் வாயிலிருந்து "பரவாயில்லையே மாப்ளே" என்று ஒரு சொல் வர வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் காப்பீட்டு ஆபீசில் சிரிக்கவே தெரியாத மேலாளரிடம்கூடப் பல்லை இளித்து, சனிக்கிழமை வரை நாலு நாள் லீவு வாங்கியிருந்தார்.

மரச்சாய டப்பாவின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தார். நன்றாகக் கழுவவும். இரண்டு நாள் காயவிடவும். மெல்லிய பூச்சாக அடிக்கவும். கால் மணி நேரத்துக்குள் மிச்சச் சாயத்தைத் துடைத்துவிடவும். கறையைப் பற்றி டப்பா மூச்சு விடவில்லை.

பெரியவர் இருக்கும்போது டப்பாவைக் கேட்பானேன் என்று போனை எடுத்தார். மாமியார்தான் எடுத்தார்.

"சாப்பிட்டீங்களா மாப்ளே?"

"ஆச்சு அத்தை. மாமா இருக்காங்களா? தளம் விஷயமா ஒரு சந்தேகம்."

"இருங்க, தர்றேன்."

மாமனார் முழுவதையும் கேட்கவில்லை. கறை என்றதுமே ஆரம்பித்துவிட்டார். "இதுக்கா முட்டி போட்டீங்க? தண்ணியைப் பீய்ச்சி அடிக்கிற மெஷின் இருக்கில்ல, அதை வாங்கிட்டு வாங்க. நல்லாக் கிட்டக்க வச்சு அடிங்க. பயப்படாதீங்க, மரம் என்ன அழவா போகுது?"

ஹார்டுவேர் கடைக்காரர் மெஷினைக் கொடுக்கும்போதே எச்சரித்தார். "ரெண்டடி தள்ளி வச்சு அடிங்க சார்."

"கிட்டக்க வச்சுதான் அடிக்கணும்னு எங்க மாமா சொன்னாரு."

"மாமாவா? அப்ப அதுக்கு மேல அப்பீல் ஏது," என்று கடைக்காரர் மெஷினைத் தள்ளிவிட்டார்.

கிட்டக்க வைத்து அடித்ததில் கறை போனது, உண்மை. கூடவே மரத்தின் மேல்தோலும் போனது. பலகை முழுக்க நார் நாராகக் கிளம்பி, நனைந்த பூனை முதுகு போல ஆகிவிட்டது. தடவிப் பார்த்த மாப்பிள்ளையின் கையில் மூன்று சிராய் ஏறியது.

மறுபடியும் போன். மறுபடியும் "இருங்க, தர்றேன்."

"நார் கிளம்பிடுச்சா? கிளம்பணும்! அப்பத்தான் வேலை சரியாப் போகுதுன்னு அர்த்தம். முரட்டு உப்புத்தாள் எடுத்துக் குறுக்கால தேய்ங்க."

"குறுக்கவா மாமா? மரத்தோட ரேகை நீளமாப் போகுதே..."

"மாப்ளே, நீங்க எத்தனை தளம் தேய்ச்சிருக்கீங்க?"

மாப்பிள்ளை எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை. குறுக்கே தேய்த்தார். சாயங்காலத்துக்குள் நார் அடங்கியது. பதிலுக்குத் தளம் முழுக்க, சிறுத்தை ஒன்று கோபத்தில் பிறாண்டியதுபோல் கோடு கோடாக விழுந்தது.

வங்கியில் வேலை முடிந்து வந்த மனைவி பின்கதவைத் திறந்தாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"என்னங்க இது?"

"உங்கப்பா சொன்னபடிதான் செஞ்சேன்."

"அப்ப நீங்கதான் சரியாக் காதுல வாங்கலை," என்றாள். அதற்கு மேல் அந்த வீட்டில் விசாரணை கிடையாது.

வியாழக்கிழமை காலையில் பலகைகள் இன்னும் சில்லென்று ஈரமாக இருந்தன. டப்பா இரண்டு நாள் என்கிறது. இரண்டு நாள் காயவிட்டால் சனிக்கிழமை வந்துவிடும். மாப்பிள்ளை போனை எடுத்தார்.

"டப்பாவுல எழுதினவனா ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு விசேஷத்துக்கு வரப்போறான்?" என்றார் மாமனார். "ஈரமா இருக்கும்போதுதான் மரம் நல்லா இழுக்கும். தாராளமா ஊத்துங்க. சாயத்துல கஞ்சத்தனம் ஆகாது."

"கால் மணி நேரத்துல துடைச்சிடணும்னு போட்டிருக்கே மாமா?"

"அடிக்கிறதும் நீங்க, துடைக்கிறதும் நீங்களா? எதுக்கு அடிச்சீங்க, எதுக்குத் துடைக்கிறீங்க? யாராவது சோத்தைப் போட்டுட்டுத் தட்டைப் பிடுங்குவாங்களா?"

கேட்கும்போது இதில் என்னவோ பெரிய ஞானம் இருப்பதாகவே மாப்பிள்ளைக்குப் பட்டது. தாராளமாக ஊற்றினார். இரண்டு டப்பாவில் முடிய வேண்டியது நாலு டப்பா குடித்தது. உச்சி வெயிலில் தளம் தேன் ஓடையாக மின்னியது. ஆகா, ஜெயித்துவிட்டோம் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதைப் பார்த்து நின்றார் மனிதர். ஒன்பது வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் நின்றதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, காய்ந்திருக்கும் என்று வலது காலை வைத்தார். கால் திரும்பி வந்தது. செருப்பு வரவில்லை.

"ஒட்டுது மாமா."

"ஒரு கோட்டு அடிச்சா ஒட்டத்தான் செய்யும். மேல இன்னொரு கோட்டு அடிங்க. அது கீழ இருக்கிறதை அமுக்கிக் காயவச்சிடும்."

மாப்பிள்ளைக்கு முதல்முறையாக லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனாலும் மாமாவிடம் 'அதெப்படி' என்று கேட்பது எப்படி? கல்யாணமான நாளிலிருந்து கேட்காத கேள்வி, வெள்ளிக்கிழமை அன்றைக்கா வாயில் வந்துவிடும்? கடைக்குப் போனார்.

"இன்னும் ரெண்டு டப்பாவா?" கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "சார், வீட்டுத் தளத்துக்குத்தானே? இல்ல, கப்பல் எதுவும் கட்டறீங்களா?"

"ஒட்டுது. மேல ஒரு கோட்டு அடிச்சாக் காய்ஞ்சிடும்னு..."

"மாமா சொன்னாரு," என்று கடைக்காரரே முடித்தார். "எனக்கும் இப்படி ஒரு மாமா இருந்தா, கடையைப் பெருசா கட்டியிருப்பேன்."

இரண்டாவது பூச்சு விழுந்தபின் தளம் வெறுமனே ஒட்டுவதை நிறுத்திவிட்டு, பிடித்து இழுக்கத் தொடங்கியது. எதிர்வீட்டுப் பூனை குறுக்கே நடந்து, நடுவில் நின்று, நாலு காலையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போனது. போகும்போது மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. மனைவியின் வசவைவிட அந்தப் பார்வைதான் அவரைச் சுட்டது.

"மாவு தூவுங்க," என்றார் மாமனார் அடுத்த போனில், கண நேரம்கூட யோசிக்காமல். "மாவு ஈரத்தை உறிஞ்சிடும். அப்புறம் பெருக்கித் தள்ளிட்டாப் போச்சு."

சமையலறையில் இருந்த கோதுமை மாவு நாலு கிலோவும் தளத்துக்குப் போனது. உறிஞ்சியதோ இல்லையோ, சாயத்தோடு நன்றாகப் பிசைந்துகொண்டது. நாலு மணிக்கு ஊர்க் குருவிகளுக்கெல்லாம் செய்தி எட்டிவிட்டது. ஐந்து மணிக்குப் புறாக்களும் வந்தன. மாப்பிள்ளை ஒரு துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கால் வைக்க முடியாமல், ஓரத்திலேயே ஓடி ஓடி விரட்டினார். தளத்தின் மேல் சாயம், சாயத்தின் மேல் மாவு, மாவின் மேல் இறகு. துடைப்பமும் கடைசியில் கை நழுவி நடுவில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

மனைவி வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. கதவு நிலையில் சாய்ந்து, "அம்மாவோட அறுபதுங்க," என்று மட்டும் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. மாப்பிள்ளைக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. பிளந்தாலும் உள்ளே போக முடியாது, கால் ஒட்டிக்கொள்ளும்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் மாமனாரும் மாமியாரும் வந்து இறங்கிவிட்டார்கள். சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று மாமியார் காய்கறிப் பையோடு வந்திருந்தார். தன் பிறந்தநாளுக்குத் தானே காய் நறுக்க வந்திருக்கிற அந்த மனுஷியை நிமிர்ந்து பார்க்கவே மாப்பிள்ளைக்குக் கூசியது.

மாமனார் நேராகப் பின்கதவுக்குப் போனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தார்.

"என்ன மாப்ளே இது, கோழிப் பண்ணையா?"

"நீங்க சொன்னபடிதான் மாமா..."

"நான் சொன்னபடி செஞ்சா இப்படியா வரும்? எங்கேயோ கை பதறியிருக்கீங்க." பெருமூச்சு விட்டார். தோளில் கை போட்டார். "பரவாயில்லை விடுங்க. பாவம், ஆபீஸ் ஆளு."

ஒன்பது வருஷமாகக் காத்திருந்த 'பரவாயில்லை' கடைசியில் இந்த லட்சணத்தில் வந்து சேர்ந்தது. நாற்பது வயசு ஆண்பிள்ளை, மாவுத் தளத்தைப் பார்த்து அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"பெயிண்டரைக் கூப்பிடலாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன்," என்று மனைவி ஆரம்பித்தாள். "எங்கப்பாவை மாதிரி எல்லாராலும் முடியுமா? நான் ஸ்கூல் விட்டு வருவேன், வெயில்ல நின்னு அடிச்சிட்டிருப்பாரு. கையில பிரஷ், கழுத்துல துண்டு. ஒரு நாளாவது ஒரு சொட்டு கீழ சிந்தியிருப்பாரா? சட்டையில ஒரு கறை பட்டிருக்குமா? அது ஒரு கைப்பழக்கம், இல்லையாப்பா?"

"விடும்மா, விடு," என்று மாமனார் அடக்கமாகக் கையை ஆட்டினார்.

மாமியார் காய்கறிப் பையை நிலைப்படியில் வைத்தார். குந்தி உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் ஓரப் பலகையைச் சுரண்டினார். சுரண்டியதை விரலில் உருட்டிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"ஈரத்துல அடிச்சு, துடைக்காம விட்டிருக்கீங்க. அதுக்கு மேல வேற ஒண்ணு அடிச்சிருக்கீங்க. சாயம் உள்ள இறங்கவே இல்லை மாப்ளே, எல்லாம் மேலதான் நிக்குது. ஒண்ணும் கெட்டுப்போகலை. பெயிண்டைக் கரைக்கிற தின்னர் இருக்கா? பழைய துணி நாலு கொண்டாங்க. முதல்ல மாவைச் சுரண்டித் தள்ளுவோம். தின்னர் போட்டு அழுத்தித் துடைச்சா இது கையோட வந்துடும். அப்புறம் மெல்லிசான உப்புத்தாள், ரேகை போற போக்குலயே. மத்தியானம் ஒரே ஒரு பூச்சு, அடிச்ச சூட்டோட துடைச்சிடணும். நாளைக்குப் பதினோரு மணிக்கு நாற்காலி போடலாம்."

சொல்லிக்கொண்டே கையை மடித்துவிட்டார். மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அத்தை, இது... மூணு நாளா நான் போன் பண்றேன். நீங்கதானே எடுத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மாமாவைக் கூப்பிடுங்கன்னு சொன்னீங்க, கூப்பிட்டேன். என்னை யாரு கேட்டீங்க?"

மனைவி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். மாமனார் திடீரென்று வானத்தை ஆராயத் தொடங்கியிருந்தார். "மழை வரும் போலிருக்கே," என்றார். மேகம் ஒன்றுகூட இல்லை.

"அம்மா, உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்? நம்ம வீட்டுத் தளம் அப்பாதானே அடிப்பாரு? நான்தான் ஒவ்வொரு தடவையும் ஸ்கூல் விட்டு வந்து பார்ப்பேனே!"

மாமியார் பழைய துணியை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்.

"நீ ஸ்கூல் விட்டு வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடிதான்டி, உங்கப்பா வந்து எங்கிட்டேயிருந்து பிரஷ்ஷை வாங்குவாரு!"