காலை எடுத்தால் நின்றுவிடும் வண்டி

மாரண்டஹள்ளி
இத்தாவின் அறுபத்தோராம் நாள், 1972

ஓசூரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் தம்பி கரீமுக்கு, அக்கா ஷரீபுன்னிசா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் வஹிதாவும் குழந்தைகளும் அல்லா கிருபையால் சுகமாய் இருப்பீர்கள். நானும் சுகம். வண்டிக்குத்தான் சுகமில்லை.

உன் மச்சான் விட்டுப்போன டாக்சி ஸ்டார்ட் ஆகிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டு தும்மல் தும்மி நின்றுவிடுகிறது. உன் மச்சான் தினம் காலையில் அதை வாசலில் ஓடவிட்டுவிட்டு உள்ளே வந்து டீ குடிப்பார். "பாத்தியா புள்ள, யாரும் மிதிக்காமயே தானா ஓடுது" என்பார். பதினெட்டு வருஷம் அந்தச் சத்தத்தில்தான் நான் அடுப்பு மூட்டினேன். இப்போது பல்லி கத்தினாலும் திடுக்கென்கிறது.

மச்சான் இறந்து நாலு மாசம் பத்து நாள் நான் இத்தா இருக்கவேண்டியதால் அந்நிய ஆண்கள் முகத்தில் விழிக்கக்கூடாது. ஆகவே வாசற்படியில் மச்சானுடைய கைலியைத் திரையாகக் கட்டி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மெக்கானிக் சின்னப்பராஜ், நடுவில் பக்கத்து வீட்டு ராமக்காள். மெக்கானிக் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது, அப்படியும் அவள் திரும்பச் சொல்வாள்.

"கார்ப்பரேட்டர்ல தூசி அடைச்சிருக்குங்க."

"தூசி அடைச்சிருக்காம்க்கா."

"எனக்கென்ன காது செவிடா?"

"அவுங்களுக்குக் காது செவிடு இல்லீங்களாம்" என்று அதையும் அவரிடம் சொன்னாள்.

அவர் கழற்றி ஊதினார், ஓடியது, மறுநாள் நின்றது. பிளக்கில் கரி பிடித்திருக்கிறது என்று தேய்த்தார், மறுநாள் நின்றது. லாரி ஓட்டும் அப்துல் கனி வந்து, "ரப்பர் டியூப் வெடிச்சுக் காத்த இழுக்குது, இது கூடத் தெரியல, இவரெல்லாம் மெக்கானிக்கு!" என்று சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார், அதுவும் மறுநாள் நின்றது. பெட்ரோலில் தண்ணீர் என்று டாங்கியையே காலி செய்தார்கள். ராமக்காள் மட்டும், "ஓட்டுனவரு இல்லாத ஏக்கம்க்கா. மாமனாரு செத்தப்ப எங்க வூட்டு எருமையும் இப்பிடித்தான் ரெண்டு மாசம் கறக்கல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன், மச்சான் போனபிறகு முதல் தடவையாக.

தம்பி, மச்சானுக்கு மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் பஸ் ஏறியவன் நீ. தூக்கம் வரவில்லை என்று எழுதினேன், மாத்திரை அனுப்பினாய். சோறு இறங்கவில்லை என்று எழுதினேன், சத்து மாவு அனுப்பினாய். வண்டிக்கு நோய் என்றால் நீயே வருவாய், எனக்குத் தெரியும். திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என் எதிரில் உட்காரக்கூடிய மெக்கானிக் இந்த ஜில்லாவில் நீ ஒருத்தன்தான்.

வஹிதாவுக்கு என் துஆ, குழந்தைகளுக்கு முத்தம். அல்லா உனக்கு நீண்ட ஆயுசையும் பட்டறைக்குக் குறையாத வேலையையும் தரட்டும். ஒரே ஒரு நாள் மட்டும் வேலையைக் குறைத்துத் தரட்டும்.

இப்படிக்கு,
அக்கா ஷரீபுன்னிசா

பின்குறிப்பு: பொய் சொல்லி வரவழைக்க மனம் ஒப்பவில்லை. ஒவ்வொருவரும் சரிபண்ணிவிட்டுப் போனதும், ஊர் அடங்கியபின், மிதிக்காமலே வண்டியை ஓடவைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவைத் தளர்த்தி விட்டது நான்தான். மச்சான் அதைத் திருகுவதை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். வாசலில் நாலு பேர் பேசுகிற சத்தம் கேட்கட்டுமே என்றுதான் செய்தேன். இன்று பழைய இடத்துக்கே முடுக்கிவிட்டேன். இதை எழுதும்போது வண்டி யாரும் மிதிக்காமல் வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறது. டீயும் போட்டாயிற்று, பழக்கத்தில் இரண்டு டம்ளர். சாவியைத் திருப்பி நிறுத்தத்தான் கை வரவில்லை. நீ வந்து நிறுத்து.