தங்கள் காரின் பானெட் விஷயமாக

வடசேரி,
நாகர்கோவில்.
புதன்கிழமை.

கர்த்தருடைய கிருபையில் நாளும் பெருகி வாழும் மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. ராஜமணி அவர்களுக்கு, ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் செல்வதாஸ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கு நான், என் மனைவி பேபி, தங்கள் வருங்கால மருமகள் ரெனிஷா அனைவரும் சுகம். பூனாவில் தங்கள் மூத்த மகளும் பச்சைப்பிள்ளையும் தங்கள் வீட்டம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் தாங்கள் ஒன்பது வார்த்தை சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை. வெள்ளிக்கிழமை ரயில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் இது தங்கள் கையில் இருக்கும்.

இராஜாக்கமங்கலத்துக் கடல்காற்றில் தகரம் துருப்பிடிக்கும் என்று, பூனா போகும்போது தங்கள் காரை என் வீட்டு முற்றத்தில் விட்டுப்போனீர்கள். சாவியைத் தரும்போது, கம்பெனி அடித்த பெயின்ட், இதுவரை ஒரு பிரஷ் இதன்மேல் பட்டதில்லை என்றீர்கள். நிச்சயதார்த்தத்தன்றும் அதைச் சொன்னீர்கள். பந்தியில் பாயசம் விளம்பியவனிடமும் சொன்னீர்கள். காரில் சைக்கிளைச் சாய்த்து வைத்த சொந்தத் தம்பியோடு ரெண்டு கிறிஸ்துமஸ் பேசாமல் இருந்ததையும் தாங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பானெட்டில் ஒரு பள்ளம்.

நம்ம பிள்ளைகளுக்கு மூணு கல்யாண ஓலையில முதல் ஓலை வாசிச்ச ஞாயித்துக்கிழமை, சர்ச்சில போதகர் ஐயர் இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை உண்டுமான்னு கேட்டு, ஒருத்தரும் வாய் திறக்காம இருந்த சந்தோஷத்தில வீட்டுக்கு வந்து, காரைத் துடைப்போம்னு கவரைத் தூக்கினேன், நடுவில சோத்துத்தட்டை அமுக்கி எடுத்தது போல உள்ள வாங்கிக் கிடக்கு, பெயின்ட்ல ஒரு கீறல் கிடையாது, கவர்ல ஒரு கிழிசல் கிடையாது. தேங்காதான் விழுந்திருக்கும்னு நான் சொன்னேன். தேங்கா விழுந்தா தேங்கா எங்கேன்னு பேபி கேட்டா. பூனையாக்கும்னு அவ சொன்னா. அப்படி ஒரு பூனை நம்ம தெருவில இருந்தா இந்நேரம் அது நம்மளைத் தின்னுருக்கும்னு நான் சொன்னேன். எதுக்கும் இருக்கட்டும்னு ஆளைக் கூப்பிட்டுத் தென்னையில கிடந்த இளங்கருக்கு, இளநீர் வரைக்கும் வெட்டி இறக்கியாச்சு. ரெனிஷா மட்டும் தலைவலின்னு போய்ப் படுத்துக்கிட்டா.

பட்டறையில கொண்டு போனா தட்டி நிமித்தி பெயின்ட் அடிச்சுத் தருவான். நீங்க விரலை வச்சுத் தடவின உடனே கண்டுபிடிச்சிருவிய. அதனால பெயின்ட்ல கை வைக்காம பள்ளத்தை எடுக்கணும். அப்பம்தான் அடுத்த வீட்டு முருகதாஸ் வந்தான். அவன் போன்ல ஒரு வீடியோ. கொதிக்க கொதிக்கத் தண்ணி ஊத்தி, கக்கூஸ் அடைப்பு எடுக்குத ரப்பர் மூடி வச்ச கம்பு உண்டுல்லா, அதை வச்சு அமுக்கி இழுத்தா பள்ளம் வெளிய வந்திருமாம். அவன் வீட்டுக் கம்பையே தூக்கிட்டு வந்துட்டான். பொண்ணு மாப்பிள்ளை போகப்போற கார்ல அந்தச் சவத்தை வைக்கப்பிடாதுன்னு பேபி ஒரே நிலையா நின்னா. சந்தையில புதுசு ஒண்ணு வாங்கி, அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிக்கத் தண்ணி சுட வைக்குத சருவத்தில கொதிக்க வச்சு ஊத்தி இழுத்தோம், டப்புன்னு ஒரு சத்தம், பள்ளத்தைக் காணல்ல. முருகதாஸ் தெரு முழுக்க சொல்லிட்டு வந்தான், பேபி அவனுக்குப் பழம்பொரி சுட்டுக் குடுத்தா. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மறுபடியும் டப்பு. பழைய இடத்தில பழைய பள்ளம்.

மறுநாள் மத்தியானம் தகரம் சூடானதும் ஒருத்தரும் தொடாமலே வெளிய வந்துது, சாயங்காலம் உள்ள போச்சு. இப்படியே தினமும் நடக்கு. ரெண்டாம் ஓலைக்குத் தடை உண்டுமான்னு ஐயர் கேட்டப்போ, நீங்க பூனாவில இருக்கியன்னு தெரிஞ்சும் நான் திரும்பி வாசலைப் பாத்தேன். வெப்ராளம் அப்படி. சூடாக்கிட்டு உடனே குளிர வச்சா நிக்கும்னு முருகதாஸ் அடுத்த வீடியோவோட வந்தான். ரெனிஷா தலைமுடி காய வைக்குத மெஷினைப் பிடிச்சு, மேல ஐஸ் வச்சுத் தேய்ச்சோம். ஐஸ் மீன்காரிகிட்ட வாங்கினது. பள்ளம் வரல்ல, தெருவில உள்ள பூனை மொத்தமும் வந்து பானெட்டை நக்கிட்டு நிக்கு. இதுக்கும் நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்.

கடைசியில பெயின்ட் அடிக்காம நெளிவு எடுக்குத அனில்குமாரைப் பிடிச்சேன். கார் ஷோரூம்காரனுவ எல்லாம் இவன் காலைப் பிடிக்கானுவளாம், அவனே சொன்னான். வரிவரியா வெளிச்சம் அடிக்குத ஒரு லைட்டை நிறுத்தி, பானெட்டுக்கு உள்ள கூடி வளைஞ்ச கம்பியை விட்டு, சொறிஞ்சு குடுக்குத மாதிரி பைய பைய நெம்பினான். பெலமா ஒரு நெம்பு நெம்பினா என்னன்னு கேட்டேன். நெம்பினா பெயின்ட் பொட்டி உரியும், உங்க சம்பந்திகிட்ட நீங்களே பேசிக்கிடுங்கன்னான், நான் அவனுக்குச் சாயா எடுக்கப் போயிட்டேன். மூணாவது சாயா குடிக்கும்போது அவனா ஒரு சொல்லு சொன்னான்.

"சாரே, இது தேங்காயும் இல்ல, பூனையும் இல்ல. ஆளு ஏறி இருந்த பள்ளமாக்கும்."

சொன்னவன் சொல்லிட்டு சும்மா இருக்கணும்லா, பேபியை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தான். என் நேரம், நானும் பாத்துட்டேன். அன்னையிலருந்து அவ சோறு பொங்கி வைக்கா, எனக்கு விளம்ப மாட்டேங்கா. கல்யாண வீட்டில பொண்ணுக்க அம்மையும் அப்பனும் பேச்சுவார்த்தை இல்லாம நடக்குதோம்.

அனில்குமார் எடுத்துட்டான். டப்பு சத்தம் இப்பம் இல்ல. ஆனா சாய்ஞ்ச வெயில்ல சரிஞ்சு நின்னு பாத்தா ஒரு நிழல் தெரியும், நீங்க சரிஞ்சு நின்னு பாப்பிய. அதனால மறைக்காம சொல்லிட்டேன். என் பொறுப்பில இருந்த சாதனம், தப்பு என்னுதுதான். என்னை எத்தனை கிறிஸ்துமஸ் வேணும்னாலும் பேசாம இருங்க. ஞாயித்துக்கிழமை மூணாம் ஓலை. இதை அதோட சேர்த்து முடிச்சுப் போட்டுறாதீங்க, எனக்கு இருக்கது ஒத்தப் பிள்ளை.

தங்கள் வீட்டம்மாவுக்கும் மகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். பச்சைப்பிள்ளைக்கு எங்கள் முத்தங்கள். சமாதானத்தின் தேவன் தங்கள் வழிப்பயணத்தையும், முக்கியமாகத் தங்கள் மனதையும் காப்பாராக.

தாழ்மையுள்ள சம்பந்தி,
செல்வதாஸ்

பி.கு.: லெட்டர் கவரை ஒட்டப் போற நேரத்தில ரெனிஷா வந்து, என்ன எழுதுதியன்னு கேட்டா. வாசிச்சுக் காட்டினேன். பாதியில அழ ஆரம்பிச்சா.

"அப்பா, அதுக்க மேல இருந்தது அவங்கதான். நானும் கூட இருந்தேன்."

அவங்கன்னா உங்க மகன் பிரபின். பேட்டரி இறங்காம இருக்க, முதல் ஓலைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, ஒரு ரவுண்டு ஓட்டணும்னு வந்தார், ரெனிஷாவும் தையல்காரிகிட்ட போகணும்னு ஏறினா, ரெண்டு பேரும் வட்டக்கோட்டையில போய் பானெட்ல ஏறி இருந்து கடல் பாத்திருக்காவ. திரும்பி வந்து மாப்பிள்ளை அவரே கவர் போட்டுக் கட்டினார். என்ன பொறுப்பான பையன்னு நான்தான் பேபிகிட்ட புகழ்ந்தேன். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பில் பாதியை வாபஸ் வாங்கிக்கிடுதேன். மீதிப் பாதி, என் மகளும் இருந்ததுனால, இருக்கட்டும். பேபிகிட்ட கேக்க வேண்டிய மன்னிப்பு தனி, அதில நீங்க பங்கு கேக்க முடியாது.

ஏன் மக்கா இத்தனை நாள் சொல்லல்லன்னு கேட்டேன். அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு அவங்களுக்குப் பயம்னு சொன்னா. நான் பயந்தா பரவாயில்ல, நான் பொண்ணுக்க அப்பன். பெத்த பிள்ளையே பயப்படுத வீட்டுக்கு என் பிள்ளை வரப்போறா. நாளைக்கு அவ கையில ஒரு பீங்கான் தட்டு உடைஞ்சா உங்ககிட்டதான் வந்து சொல்லணும், ராத்திரியோட ராத்திரியா எனக்குப் போன் போடப்பிடாது.

அதனால இதைத் தபால்ல போடல்ல. மாப்பிள்ளையை வரச்சொல்லிச் சாவியையும் லெட்டரையும் குடுத்தாச்சு. அப்பாகிட்ட வாயால சொன்ன பெறகுதான் லெட்டரைக் குடுக்கணும்னு சொல்லியிருக்கேன். நீங்க இதை வாசிச்சிட்டு இருக்கும்போது அவர் உங்க முன்னால வேர்த்துப் போய் நிப்பார். பானெட்டைப் பெறகு பாத்துக்கிடலாம். முதல்ல அவரை நாற்காலியில இருக்கச் சொல்லி, ஒரு சாயா குடுக்கச் சொல்லுங்க.