இரு அணிகளும் ஒன்றே என்னும் இயக்குநர்

மனிதர்களில் ‘வேறுபாடு பார்க்காதவர்’ என்றொரு வகையினர் உண்டு. இவர்களை நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. தாம் வேறுபாடு பார்ப்பதில்லை என்பதை, எவரும் கேளாமலே, அவர்களே வந்து அறிவித்துவிடுவார்கள். இவ்வகையின் முழு வளர்ச்சியைக் காண விரும்புவோர், பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டுத் துறைக்குச் சென்று, ஆண்கள் கால்பந்து அணி, பெண்கள் கால்பந்து அணி ஆகிய இரண்டையும் ஒருசேரக் கட்டிக் காக்கும் இயக்குநரைத் தரிசிப்பது நல்லது.

அவருடைய நடுநிலை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆண்களுக்கு மைதானம் மாலை நான்கு முதல் ஆறு வரை. பெண்களுக்கு நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை. கடிகாரத்தை வைத்து அளந்து, ஒரு நிமிடம் கூடுதல் குறைவு காட்டுங்கள் பார்ப்போம்! உச்சி வெயிலைப் படைத்தவர் இயக்குநர் அல்லரே. இரு அணிக்கும் ஒரே ஜெர்சி என்று வாக்களித்தார், அதையும் காப்பாற்றினார். சென்ற ஆண்டு ஆண்கள் அணிந்து கழித்த அதே ஜெர்சியைத்தான் இந்த ஆண்டு பெண்கள் அணிகிறார்கள். அவர் அறைச் சுவர் நிறைய ஆண்கள் அணியின் படங்கள். பெண்கள் அணியின் படம் சட்டம் போடுவதற்குப் போய் மூன்றாண்டுகள் ஆகின்றன. மரம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது போலும்.

இந்த ஆண்டு ஆண்கள் முதல் சுற்றிலேயே தோற்று வீடு திரும்பினார்கள். பெண்களோ அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். இது இயக்குநருக்குப் பெரும் சங்கடம். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, இறுதியாண்டு மாணவியான அணித்தலைவி, கையொப்பம் வேண்டிய கடிதத்துடன் அவர் அறைக்குள் வந்தாள்.

“வாம்மா, வா! அரையிறுதி! என் பொண்ணே ஜெயிச்ச மாதிரி இருக்கு.”

“சார், வியாழக்கிழமை ஆட்டம். நம்ம மைதானத்துலதான்னு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கடிதம் போகணும். இல்லேன்னா எதிர் டீம் ஊர்ல வெச்சிருவாங்க. பஸ்லயே ஒன்பது மணி நேரம் சார்.”

“வியாழனா? அடடா, பசங்களுக்குப் பயிற்சி இருக்கேம்மா.”

“அவங்கதான் வெளிய வந்துட்டாங்களே சார்!”

“அதனாலதாம்மா பயிற்சி. தோத்தவனுக்குத்தானே வேணும்? நீங்கதான் எங்க ஆடினாலும் ஜெயிக்கிறீங்களே.”

“போன வருஷம் நாங்க தோத்தப்போ, ஜெயிக்கிறவங்களுக்குத்தான் மைதானம்னு சொன்னீங்க.”

“சூழ்நிலைன்னு ஒண்ணு இருக்கு இல்ல?”

“சரி சார், அவங்க நாலு மணிக்குத்தானே வராங்க? நாங்க காலையிலயே ஆடி முடிச்சிடறோம்.”

“காலையில மிதிச்சா சாயங்காலம் புல்லு என்னத்துக்கு ஆகும்? அதுக்கும் ஓய்வு வேணும்மா.”

“எங்க பேரைக் கேட்டாத்தான் சார் அந்தப் புல்லுக்குத் தூக்கமே வருது.”

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். பெண்களின் துடுக்குப் பேச்சை ரசிப்பதும் சமத்துவத்தின் ஓர் அங்கம் என்பது அவர் கொள்கை.

அவர் மறுத்தாரா? ஒருகாலும் இல்லை. ‘முடியாது’ என்னும் சொல் அவர் வாயிலிருந்து வராது. அதற்குப் பதிலாகத் தொலைபேசியை எடுத்து, அறை முழுவதும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தி, மைதானக் காவலரை அழைத்தார்.

“புல்லு எப்படிய்யா இருக்கு?”

“நல்லா இருக்கு சார். ஒரே நாள்ல ரெண்டு ஆட்டம் தாங்கும்.”

“தாங்கலேன்னா?”

“தாங்கும் சார்.”

“ஒருவேளை தாங்கலேன்னா?”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “அப்ப தாங்காது சார்.”

“பாத்தியாம்மா? அவருக்கே உறுதியாத் தெரியல.”

பிறகு, தனியொருவராக முடிவெடுப்பது முறையன்று என்று மூவர் குழு ஒன்றை அமைத்தார். குழுவினர் இருவர் விடுப்பில் இருந்தனர்; மூன்றாமவர் அவரே. கடிதம் பறக்காதிருக்க அதன் மேல் கண்ணாடிக் குண்டை வைத்தார். தேநீர் வரவழைத்து அவளுக்கும் ஒன்று கொடுத்தார். இரண்டும் சரிசமம்தான், சர்க்கரை உட்பட. தம் இளமைக்கால கோல் ஒன்றை, பந்து காலுக்கு வந்தது முதல் வலைக்குள் புகுந்தது வரை, சாவதானமாக விவரித்தார். பந்து வலையைத் தொட்டபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

“அடடே, நேரம் போயிடுச்சே! நான் வேண்டாம்னு சொன்னேனாம்மா?”

“சொல்லல சார்,” என்றாள் அவள், கடிதத்தை உருவிக்கொண்டு. “சொல்லியிருந்தா மூணேகாலுக்கே துணைவேந்தர் கிட்ட போயிருப்பேன்.”

பெண்கள் ஒன்பது மணி நேரம் பேருந்தில் குலுங்கிச் சென்று, இறங்கியதும் ஆடி, எண்பத்தெட்டாவது நிமிடம் வரை தாக்குப்பிடித்து, ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். அணித்தலைவிக்கு அதுவே கடைசி ஆட்டம். அதே வியாழன் மாலை இயக்குநர் மைதானத்துக்குப் போனார். பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் நால்வர். அவர்களில் ஒருவர் செருப்புக்காலோடு நின்றார். ஆண்டறிக்கையில் அவர் எழுதிய வரியைக் கேளுங்கள்: “இவ்வாண்டு நமது ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டுமே இறுதிப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை.” முதல் சுற்றையும் அரையிறுதியையும் ஒரே வாக்கியத்தில் நிரவிவிட்டார். இதைவிடச் சமமாக நடத்த எவரால் இயலும்?

சிரிக்கிறீர்களா, வாசகரே? நல்லது. உங்கள் வீட்டில் மகனும் மகளும் இருக்கலாம். அலுவலகத்தில் உங்கள் கீழ்ப் பத்துப் பேர் இருக்கலாம். ‘எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்’ என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது என்று சற்று நினைத்துப் பாருங்கள். அப்போது உங்கள் எதிரே ஒருவர் நின்றிருப்பார். அவர் ஏதோ ஒன்றைக் கேட்டிருப்பார்.

அது அவருக்குக் கிடைத்ததா?